துபாய்க்காரருக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருத்தியைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள். காலில் மெட்டி இருந்தால் பேச்சு ஒரு மாதிரி, இல்லாவிட்டால் வேறு மாதிரி. மெட்டி போட்டவளிடம் இடுப்பு வலி, மாமியார் சண்டை, தள்ளிப்போன நாள், தள்ளிப்போகாத நாள் எல்லாவற்றையும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே கொட்டிவிடுவார்கள். மெட்டி போடாதவளிடம் மணி கேட்பார்கள். அதுவும் அவள் வாட்ச் கட்டியிருந்தால்.

நான் தலையணை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்த எந்தப் பாடப் புத்தகத்திலும் இது எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு துபாய் மாப்பிள்ளை கிடைத்திருக்க மாட்டார்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். நான் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்குத் துணையாக இருந்து நோயாளியிடம் விவரம் கேட்பது, பரிசோதிப்பது, கூடவே இருந்து கவனிப்பது, இதெல்லாம்தான் வேலை. எங்கள் ஊர் தாமலில் தெருக்காரர்களுக்கு இதை விளக்கி விளக்கியே என் நைனாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"பொண்ணு டாக்டருக்குப் படிக்குதா?"

"இல்லப்பா."

"நர்ஸுக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்குய்யா மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல போட்டுக்கினு கீற?"

நைனாவுக்குப் பதில் தெரியாது. (எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது. இதை அவரிடம் சொல்லவில்லை.) அவர் போட்டிருந்தது ஒரே ஒரு நிபந்தனை. எதிலாவது ஒரு பாடத்தில் ஃபெயிலாகித் தங்கினால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு அத்தை மகன் குமாரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். மானாம்பதியில் இருந்த அத்தை, நைனாவின் அக்கா, அதற்கு மனசுக்குள் பந்தலே போட்டுவிட்டாள். குமாரிடம் எந்தக் குறையும் இல்லை. அவனுக்கு என்னைவிட டிராக்டர் பிடிக்கும், எனக்கு அவனைவிட ஸ்டெதஸ்கோப் பிடிக்கும், அவ்வளவே.

மூன்றாம் வருஷம் பெண்கள் மருத்துவப் பயிற்சிக்கு என்னை உத்திரமேரூருக்கு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் சாந்தகுமாரி என்று ஓர் அம்மா நடத்தினார். அவர் திட்டவே மாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பதில் இரண்டு அறை கொடுத்தால் தேவலை என்று இருக்கும்.

என் வேலை, மாசமாக இருப்பவர்களையும் மற்றப் பெண்களையும் டாக்டரம்மா பார்ப்பதற்கு முன் உட்கார வைத்து எல்லா விவரமும் கேட்டு வைப்பது. கேள்விகள் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். நிஜப் பெண் ஒருத்தி எதிரில் உட்கார்ந்ததும்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, அது வந்து... வெள்ளை... வெள்ளைப்படுதாக்கா?"

அந்த அக்கா என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. பிறகு மறுபடியும் காலை.

"உனுக்குக் கண்ணாலம் ஆச்சா?"

"இல்லக்கா."

"பின்ன இன்னாத்துக்கும்மா இதெல்லாம் கேட்டுக்கினு கீற? வயசுப் பொண்ணு கேக்கற கேள்வியா இது? போ, பெரியவங்கள இட்டா."

அடுத்தவரிடம் போனால் "ஒண்ணுமில்ல." அதற்கடுத்தவரிடம் "அதெல்லாம் ஒண்ணுமில்ல." பத்து நிமிஷம் கழித்து டாக்டரம்மா உள்ளே கூப்பிடுவார். அதே 'ஒண்ணுமில்ல' அக்கா நாற்காலியில் உட்கார்ந்த கையோடு ஆறு மாசமாக இருக்கும் அரிப்பு, எரிச்சல், அடிவயிற்று வலி எல்லாவற்றையும் அவிழ்த்து வைப்பார். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. ஒரு நாள் சாயந்திரம் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"மகேஸ்வரி, பேஷன்ட் கிட்ட பேச வராதவளுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தப் போஸ்டிங் முடியறதுக்குள்ள ஒரே ஒரு கேஸாவது நீயா முழுசா விசாரிச்சு, என்ன பிரச்சனைன்னு கண்டுபிடிச்சு எங்கிட்ட சொல்லணும். இல்லைனா திரும்ப முதல்லேர்ந்து பண்ணிடு."

திரும்பப் பண்ணுவது என்றால் ஆறு மாசம் தங்குவது. தங்குவது என்றால் குமார். அன்று சாயந்திரம் என் அறையில் உட்கார்ந்து வெகுநேரம் என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு துண்டு உலோகம் போட்டால்தான் வாயைத் திறப்பீர்களா? சரி, போட்டுவிட்டால் போச்சு. என் வாழ்க்கையில் நான் எடுத்த முட்டாள்தனமான முடிவுகள் எல்லாமே இப்படித் தெளிவான மனசோடு எடுத்தவைதான்.

கடைத்தெருவில் ஜமீலா பாயம்மா வைத்திருந்த ஃபேன்ஸி கடைக்குப் போனேன். வளையல், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு, கவரிங் செட்டு எல்லாம் கிடைக்கும். ஹேர்பின் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டே கேட்டேன்.

"பாயம்மா, மெட்டி இருக்கா?"

"யாருக்கும்மா?"

"எங்க அக்காவுக்கு."

"அக்காவ இட்டாந்துருக்கலாமே. அளவு?"

"என் கால் மாதிரியேதான் அவ காலும். நான் போட்டுப் பார்த்து எடுத்துக்கறேன்."

பாயம்மா பெட்டியைப் பட்டென்று மூடினார்.

"நல்லா கீதே நாயம்! கண்ணாலம் ஆவாத பொண்ணு கால்ல மெட்டி போட்டுப் பாக்கறதா? நாளைக்கு ஒனக்கு எதுனா ஒண்ணு ஆனா உங்கம்மா என் கடை வாசல்ல வந்து நின்னுக்கினு பேஜார் பண்ணவா? கண்ணால பாத்து எடுத்துக்கோ."

அவர்கள் வீட்டில் மெட்டி போடுகிற வழக்கமே கிடையாது. ஆனாலும் ஊர் வழக்கத்தை என்னைவிட அக்கறையாகக் காப்பாற்றினார். கண்ணால் பார்த்தே எடுத்தேன். வாய் திறந்த, அளவு கூட்டிக் குறைக்கிற வகை ஒன்று இருந்தது. முழு வட்டமாக முத்து வைத்த வகை ஒன்று இருந்தது. நான் முழு வட்டத்தை எடுத்தேன். (அது அழகாக இருந்தது. பொய்க் கல்யாணம்தான் என்றாலும் ஆசை இருக்கக் கூடாதா?)

மறுநாள் காலையில் சோப்பு போட்டு, பல்லைக் கடித்து, இரண்டு கால் விரலிலும் ஏற்றினேன். ஏறும்போதே 'இது இறங்காது' என்று ஓர் எண்ணம் வந்தது. இறங்க வேண்டாம், கையெழுத்து வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நான் நடந்துபோன நடை இருக்கிறதே! சிமென்ட் தரையில் டிக், டிக், டிக். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேர் தலையும் கீழே குனிந்து, பிறகு மேலே நிமிர்ந்தது. ஓர் அக்கா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. மெட்டியை வாங்கியவள், அதை மாட்டிவிட்ட ஆளை வாங்க மறந்துவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"துபாய்ல இருக்காருக்கா."

"கண்ணாலமாயி எத்தினி நாளு?"

கொஞ்சம் அனுபவசாலி மாதிரி இருக்கட்டும் என்று, "மூணு வருஷம்."

"பசங்க?"

"இன்னும் இல்லக்கா."

பெஞ்சு முழுக்க ஒரு 'ச்சோ' கிளம்பியது. அந்த நிமிஷத்திலிருந்து விசாரிப்பவர்கள் அவர்கள், நோயாளி நான். மாசா மாசம் சரியாக வருகிறதா என்று ஒருத்தர் கேட்டார். வலி இருக்கிறதா என்று இன்னொருத்தர். எத்தனை நாள் படுகிறது, நடுவில் ஏதாவது கலைந்ததா, இரண்டு பேரும் டெஸ்ட் எடுத்தீர்களா? நான் மனப்பாடம் செய்து சொல்ல வராமல் தவித்த அத்தனை கேள்வியையும் அவர்கள் பட்டாணி கொறித்துக்கொண்டே கேட்டார்கள்.

"ஆமா, அவரு எப்பம்மா வருவாரு?" என்றார் ஒருத்தர்.

"லீவு கிடைக்கலக்கா."

"மூணு வருசமா லீவு வுடலியா? அந்த மொதலாளி வூட்ல இழவு வுழ! ஆளு அங்க, நீ இங்க, அப்புறம் புள்ள எங்கேர்ந்து வரும்? இதுக்கு இன்னா டெஸ்டு வேண்டிக் கீது!"

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எதுவும் தடைப்படவில்லை. "என்னுதச் சொல்லிட்டேன், இப்ப உங்களது சொல்லுங்க" என்றால் போதும், சொன்னார்கள். நாக்கு ஒட்டவே இல்லை. வெள்ளைப்படுதல் என்கிற வார்த்தையை 'வெள்ளைப்பூண்டு' மாதிரி சாதாரணமாகச் சொல்லப் பழகிவிட்டேன். டாக்டரம்மாவிடம் நான் சொன்ன விவரங்களும் அவர் உள்ளே கேட்டதும் ஒத்துப்போயின. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், ஆனால் இந்தத் தடவை அதில் கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது. அவர் அறைக்குள் போகும்போது மட்டும் விரலை மூடுகிற செருப்பை மாட்டிக்கொண்டதால் மெட்டியை அவர் கவனிக்கவில்லை.

இதில் நான் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. துக்கக் கதைக்கு பஸ்ஸைவிட வேகம் அதிகம். அந்தப் பெஞ்சில் மானாம்பதியிலிருந்து வந்த, அத்தை வீட்டில் என்னை எப்போதோ பார்த்திருந்த ஒரு பெண்ணும் இருந்தார். ஊருக்குப் போனவர் நேராக என் அத்தையிடம், "உங்க தம்பி மவ ஆஸ்பத்திரில கீதே, பாவம், மூணு வருசமா புள்ள இல்லியாமே?" என்று துக்கம் விசாரித்திருக்கிறார்.

இங்கே எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் விரல் வலி. மெட்டி நன்றாகக் கடிக்க ஆரம்பித்திருந்தது. தேங்காய் எண்ணெய், சோப்பு, ஆஸ்பத்திரி ஜெல்லி எதற்கும் அசையவில்லை. செருப்புக்குள் கால் விண் விண்ணென்று தெறித்தது. யார் எதிரில் வந்தாலும் அவர்கள் விரலில் மெட்டி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. எல்லோருக்கும் தாராளமாக ஆடியது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அம்சவேணி வந்தாள். என் வயசுதான் இருக்கும். ஒன்பதாம் மாசம், தலைச்சன் பிள்ளை. வளைகாப்புக்காக மானாம்பதியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. புருஷன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனியில் வேலை. தனியாகத்தான் பஸ்ஸில் வந்திருந்தாள். "சும்மா ஒரு செக்கப்புக்கா, ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்தாள்.

நான் வழக்கம்போலக் காலைப் பார்த்தேன். அவள் மெட்டியும் என்னுடையதைப் போலவே சதைக்குள் புதைந்திருந்தது.

"உங்களுக்கும் அளவு சரியில்லையா?" என்றேன், ஒரு துணை கிடைத்த சந்தோஷத்தில்.

"அளவெல்லாம் கரெக்டுதான்க்கா. போன மாசம் லூசா இருந்துச்சு, கழண்டு கழண்டு வுழும். இப்பதான் இப்டி."

எனக்குள் ஏதோ சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. என் கால் வீங்கியது மெட்டியால். இவள் மெட்டி இறுகியது வீக்கத்தால். புறங்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விழுந்த குழி எழவே இல்லை. முகத்தைப் பார்த்தேன். இமை இரண்டும் உப்பியிருந்தன.

"தலைவலி இருக்கா?"

"இல்ல."

நான் பக்கத்தில் நகர்ந்து, குரலைத் தணித்து, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். (டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்வதற்குத்தான் கேட்டேன்.) அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இரண்டு நாளாகத் தலை பிளக்கிறது, காலையிலிருந்து கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். "அம்மாகிட்ட சொன்னா வளைகாப்ப நிறுத்திடுவாங்கக்கா. ஏழு வகை சோறுக்கும் சாமான் வாங்கியாச்சு. எங்க வூட்ல இதான் மொதல் விசேசம்."

பி.பி. பார்த்தேன். நூற்று எழுபதுக்கு மேல். நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் பார்த்தேன். அதேதான். புத்தகத்தில் சிவப்பு மையால் கட்டம் கட்டியிருந்த பக்கம் எதிரில் உட்கார்ந்து வளையல் டிசைனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எந்த நேரமும் வலிப்பு வரலாம். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. டாக்டரம்மா பிரசவ அறையில் இருந்தார். நர்ஸை ஓடச் சொல்லிவிட்டு, அம்சாவிடம் உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

"ஞாயித்துக்கிழம முடியட்டும்க்கா. திங்கக்கிழம காலைல மொத பஸ்ஸு."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்காது அம்சா."

அவள் தயங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் சம்மதித்திருப்பாள். அந்த நிமிஷத்தில்தான் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"எங்கடி அவ? எங்க கீறா அந்த துபாய்க்காரன் பொண்டாட்டி?"

அத்தை. பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய நைனா. அவருக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அம்மா. அத்தை நேராக வந்து என் காலைப் பார்த்தாள். செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முத்து வைத்த மெட்டி இரண்டும் பளபளவென்று இருந்தன.

"ஐயோ, ஐயோ! மெய்யாலுமே போட்டுக்கினு கீறாளே! என் புள்ளைக்கின்னு இருந்த பொண்ணு, எவனோ ஒருத்தன கட்டிக்கினு, மூணு வருசமா குடும்பம் நடத்திக்கினு..."

"மூணு வருசம் முன்னாடி இவ ப்ளஸ் டூ" என்றாள் அம்மா, அழுகைக்கு நடுவிலும் கணக்குத் தப்பாமல்.

நைனா ஒன்றே ஒன்று கேட்டார். "யார்மே அவன்?"

பெஞ்சு முழுக்க என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன்.

"யாரும் இல்ல நைனா. கண்ணாலமே ஆவல. மெட்டி நானே வாங்கிப் போட்டுக்கிட்டேன். இல்லன்னா இவங்க யாரும் எங்கிட்ட பேச மாட்றாங்க."

முதல் நாள் எனக்கு இடம் கொடுத்த அக்கா, அன்றும் மருந்து வாங்க வந்திருந்தவர், "அடிப்பாவி, ஒனக்காக நான் தெனம் தெனம் வெளக்கு ஏத்திக்கினு கீறேனே" என்றார். அம்சா என் கையை விட்டுவிட்டாள். விட்டதோடு நிற்காமல் எழுந்து, பையையும் எடுத்துவிட்டாள்.

"எல்லாமே பொய்யா? அப்ப எனுக்கு பி.பி.ன்னு சொன்னதும் பொய்தான். நான் போறேன்."

எனக்கு அப்போது அவமானம் மறந்துவிட்டது. நைனா, அத்தை, கையெழுத்து, குமார் எல்லாம் மறந்துவிட்டது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மெட்டி பொய். துபாய் பொய். பி.பி. பொய் இல்ல. நீயே கேட்டுப் பாரு, அப்புறம் போ."

ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டினேன். பாதரச மிஷினை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பெஞ்சின் மேல் வைத்தேன். பட்டையைச் சுற்ற ஒரு கை வேண்டும். பக்கத்தில் ஆட்டிக்கொண்டிருந்த அத்தையின் கையையே பிடித்தேன்.

"இன்னாமே பண்ற?"

"சும்மா நில்லு அத்த. அம்சா, டொக்கு டொக்குனு சத்தம் கேட்டதும் சொல்லு."

காற்றடித்து மெதுவாக விட்டேன். பாதரசம் இறங்கியது, இறங்கியது, பாதிக்கும் கீழே போனபோதுதான் அம்சா "ம்" என்றாள். பெஞ்சே எட்டிப் பார்த்தது. நூற்று இருபதுக்குப் பக்கம். அவ்வளவு கத்தியும் அத்தைக்கு பி.பி. கச்சிதமாக இருந்தது. கத்தியது எல்லாம் வாய் மட்டும்தான் போலிருக்கிறது, நெஞ்சுக்குத் தகவலே போகவில்லை.

"எனுக்கு நல்லாத்தான் கீதா?" என்றாள் அத்தை, கொஞ்சம் பெருமையாக.

அடுத்து அம்சாவின் கை. இருநூறுவரை ஏற்றிவிட்டு விட ஆரம்பித்தேன். பாதரசம் கொஞ்சம்தான் இறங்கியது, அதற்குள் அவள் கண் விரிந்தது. 'ம்' சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெஞ்சிலிருந்த எல்லோரும் பாதரசத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இவ்ளோ மேலயா?" என்றாள் மெல்ல.

அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்த அத்தை, "ஏ, நீ கன்னியம்மா மவதானே?" என்று கேட்டாள். அவ்வளவுதான், என்னைத் திட்ட வந்ததை அங்கேயே வைத்துவிட்டாள். "உங்கம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். கெளம்பு. நானே கூட வர்றேன்."

"வளைகாப்பு..." என்று அம்சா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

விளக்கேற்றிய அக்காதான் ஆரம்பித்தார். கையிலிருந்து இரண்டு கண்ணாடி வளையலைக் கழற்றி அம்சாவின் கையில் மாட்டினார். அடுத்தவர் இரண்டு. அதற்கடுத்தவர் இரண்டு. அத்தை, அம்மா எல்லோரும் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பச்சை, சிவப்பு, கறுப்பு என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத வளையல்கள்.

"ஒரு கைய வுடுங்க! பி.பி. பாக்கணும், ஊசி போடணும், இடது கைய வுடுங்க!" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அதனால் அம்சாவுக்கு வளைகாப்பு வலது கைக்கு மட்டும்தான் நடந்தது.

"இது ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா?"

டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் ஒரே மூச்சில் கேஸைச் சொன்னேன். வயசு, மாசம், வீக்கம், தலைவலி, கண், பி.பி. ஒன்று விடவில்லை. அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வலிப்பு வராமலிருக்க ஊசியைப் போட்டு, ஆஸ்பத்திரி வேனை வரச் சொன்னார். "நீ கூடப் போ. வழி முழுக்க பார்த்துக்கிட்டே போ."

"எங்கமே போற?" என்றார் நைனா.

"பேஷன்ட் கூடப் போறா. திரும்பி வந்ததும் திட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

செங்கல்பட்டு போகும்வரை நான் அம்சாவின் கையை விடவில்லை. அத்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய அம்மாவின் சின்ன வயசு வண்டவாளங்களை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றைக்கே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். எடை குறைவு, குரல் மட்டும் அத்தை மாதிரி. தாயும் பிழைத்தாள். அந்த வராந்தாவில்தான் நான் அழுதேன், நன்றாகச் சத்தமாக. அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே, "குமாருக்கு வேற பொண்ணு பாக்கறேன். ஒன்ன சமாளிக்க அவனால முடியாது" என்றாள்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நைனாவும் அம்மாவும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நைனா எழுந்தார். திட்டுக்குத் தயாராகத் தலையைக் குனிந்தேன்.

"அந்தப் பொண்ணு எப்டி கீது?" என்றார்.

"நல்லா கீது நைனா. கொழந்தையும் நல்லா கீது."

"சரி. அந்தக் கருமத்தக் கழட்டு."

கழற்ற முடியாது என்று சொன்னேன். அப்போதுதான் டாக்டரம்மா முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னை மேஜை மேல் உட்கார வைத்து, தையல் நூலை எடுத்து, விரலை நூலால் நெருக்கிச் சுற்றி, ஒரு முனையை மெட்டிக்குள் விட்டு இழுத்து, சுற்றைப் பிரிக்கப் பிரிக்க மெட்டியை நகர்த்தினார். நான் அலறியதைப் பொருட்படுத்தாமல் நர்ஸுகளைக் கூப்பிட்டு அதையும் ஒரு பாடமாக நடத்தினார். நைனா என் காலை அசையாமல் பிடித்துக்கொண்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"கேஸைக் கண்டுபிடிச்சது சரி" என்றார் டாக்டரம்மா, இரண்டு மெட்டியையும் ட்ரேயில் போட்டுவிட்டு. "பேஷன்ட் கிட்ட பொய் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணு எழுந்து போயிருந்தா உன் மெட்டிதான் அவளைக் கொன்னிருக்கும். நாளைக்கு வெறுங்காலோட அதே பெஞ்சுல போய் உட்காரு. அப்பவும் பேசினாங்கன்னா கையெழுத்து."

அன்று எனக்கு வலித்தது விரல் மட்டும் அல்ல. அவர் சொன்னது உண்மை, அதனால்தான் வலித்தது.

மறுநாள் விரலில் கட்டோடு, செருப்பு போட முடியாமல், நொண்டி நொண்டிப் போய் உட்கார்ந்தேன். 'எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆனால் இதைத்தான் படிக்கிறேன், கேட்பது உங்கள் நல்லதுக்குத்தான்' என்று பேச ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். யாரும் பேச விடவில்லை.

"இன்னாம்மா, துபாய்க்காரனைத் தீத்து வுட்டுட்டியா?"

"லீவு குடுக்கலன்னா இதான் கதி!"

சிரித்து முடித்துவிட்டு ஓர் அக்கா தானாகவே பக்கத்தில் நகர்ந்து, "எனுக்கு ஒரு மாசமா ஒரு தொந்தரவு கீதும்மா, அந்தப் பொண்ணுக்குப் பாத்தா மாதிரி எனுக்கும் நல்லாப் பாரு" என்றார். நாக்கு ஒட்டவில்லை. வரிசை மாறாமல் கேட்டேன். சாயந்திரம் கையெழுத்து கிடைத்தது.

சில வருஷம் கழித்து எனக்கு நிஜமாகவே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வாலாஜாபாத்தில் பள்ளிக்கூட வாத்தியார். மணவறையில் அவர் குனிந்து என் விரலில் மெட்டி போடும்போது, பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"டைட்டா போடாதீங்க வாத்தியாரே! அப்பறம் டாக்டரம்மாவ நூலோட இட்டாரணும்!"

அம்சவேணி. இடுப்பில் பெண் குழந்தை. மண்டபமே சிரித்தபோது அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கி, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி காலை ஆட்டிக் காண்பித்தாள். அவள் மெட்டி லூசாக, கழன்று விழுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துபாய்க்காரரும் ஒரு ஆள். தீபாவளிக்கு அத்தை போன் செய்தால் முதலில் அவரைத்தான் விசாரிப்பாள். தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தால் என் கணவர் மரியாதையாக எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். கதை முழுவதும் தெரிந்த பிறகு எங்கள் மகள் துபாய்க்காரரை 'பெரியப்பா' என்றே குறிப்பிட ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அம்மா, துபாய் பெரியப்பா எப்பத்தான் வருவாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார், "பாவம்டா, இன்னும் லீவு கெடைக்கலியாம்."